வைரஸ் புரதத்தின் வடிவமும் தொற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா காலத்தில் எல்லோர் கண்ணிலும் பதிந்துபோன படம் ஒன்று உண்டு: சாம்பல் நிற உருண்டை, அதன்மேல் சிவப்புக் கொண்டைகள். அழகான படம்தான். ஆனால் வைரஸின் புரதம் அசையாமல் நிற்கும் ஒரு பொருள் என்ற எண்ணத்தை அது விதைத்துவிட்டது. கீழே உள்ள கேள்விகளில் பலவற்றுக்கும் பதில் புரிய வேண்டுமானால் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். செல்லுக்குள் நுழைய உதவும் புரதத்துக்கு நுழைவதற்கு முன் ஒரு வடிவம், நுழைந்த பின் வேறொரு வடிவம். தொற்று, திரிபு, மருந்து, தடுப்பூசி ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு வடிவங்களுக்கு நடுவில் நடக்கும் கதை.

எந்தச் செல்லுக்குள் நுழைய வேண்டும் என்று வைரஸுக்கு எப்படித் தெரிகிறது?

தெரியாது. வைரஸ் எதையும் தேடுவதில்லை. சளியிலும் ரத்தத்திலும் அடித்துச் செல்லப்பட்டு எதன்மீதெல்லாமோ மோதுகிறது. மோதல்களில் பெரும்பாலானவை வீண். தன் மேற்பரப்புப் புரதத்தின் மேடுபள்ளங்களும் மின்னேற்றங்களும் எதிரே உள்ள மூலக்கூறோடு பொருந்தினால் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அந்த எதிர் மூலக்கூறுக்கு ஏற்பி என்று பெயர்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் என்பதைப் பொறுத்து அது தானாகவே மடிந்து ஒரு வடிவத்தை எடுக்கிறது. கொரோனா வைரஸின் மேலுள்ள ஸ்பைக் (முள்) புரதத்தில் ஒரு சங்கிலிக்கு 1273 அமினோ அமிலங்கள். மூன்று சங்கிலிகள் பின்னிக்கொண்டால்தான் ஒரு ஸ்பைக். சுமார் 100 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வைரஸின்மேல் சராசரியாக 25 ஸ்பைக்குகள் அளவிலேயே இருக்கின்றன. படங்களில் வரைவதைப்போல் அத்தனை நெருக்கமாக இல்லை.

ஏற்பிகள் வைரஸுக்காக உண்டானவை அல்ல. கொரோனா பற்றும் ஏசிஇ2 ரத்த அழுத்தத்தைச் சீராக்குவதில் பங்குள்ள நொதி. எச்.ஐ.வி. பற்றும் சிடி4 நோய் எதிர்ப்பு மண்டலத்தின் அன்றாட வேலைக்கு வேண்டியது. உடலால் எளிதில் கைவிட முடியாத ஒன்றைத்தான் வைரஸ் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது.

பூட்டும் சாவியும் போல என்று பள்ளியில் படித்தோமே, அது சரிதானா?

பாதி சரி. ஒட்டிக்கொள்வது வரைக்கும் அந்த விளக்கம் தாங்கும். ஒட்டிக்கொண்டதோடு தொற்று நடந்துவிடுவதில்லை; உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்.

ஃப்ளூ, கொரோனா, எச்.ஐ.வி. போன்ற வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பாலான உறை உண்டு. நம் செல்லைச் சுற்றியும் கொழுப்புச் சவ்வு உண்டு. இரண்டும் ஒன்றாகக் கலந்தால்தான் வைரஸின் மரபுப்பொருள் உள்ளே போகும். இரண்டு சவ்வுகள் தாமாக அப்படிக் கலந்துவிடாது. நடுவில் உள்ள நீர்ப்படலத்தை விலக்கி அவற்றை நெருக்கிப் பிடிக்க ஆற்றல் வேண்டும். வைரஸிடம் எரிபொருள் எதுவும் கிடையாது. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

புரதத்தின் வடிவத்திலிருந்தே வருகிறது. இதற்கான விடை கிடைத்த வழி சுவையானது. 1981இல் இயன் வில்சன், ஜான் ஸ்கீஹல், டான் வைலி ஆகியோர் ஃப்ளூ வைரஸின் ஹீமக்ளூட்டினின் புரதத்தின் அமைப்பை எக்ஸ்ரே படிகவியல் மூலம் வெளியிட்டார்கள். வைரஸ் உறையிலிருந்து 135 ஆங்ஸ்ட்ராம் உயரம் நிற்கும் புரதம் அது (பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்). ஏற்பியைப் பற்றும் குழி உச்சியில் இருந்தது. செல் சவ்வுக்குள் குத்தி இறங்க வேண்டிய துண்டோ அடித்தண்டுக்குள் புதைந்து கிடந்தது, உச்சியிலிருந்து ஏறத்தாழ 100 ஆங்ஸ்ட்ராம் கீழே. குத்த வேண்டிய முனை அவ்வளவு தூரத்தில் ஒளிந்திருந்தால் அது எப்படிக் குத்தும்?

1993இல் சவேலா கார், பீட்டர் கிம் இருவரும் ஒரு விடையை முன்வைத்தார்கள்: தண்டின் நடுவில் தளர்வாகத் தொங்கும் வளையம், தூண்டப்பட்டதும் விறைத்து நேரான சுருளாக மாறி முனையை மேலே வீசுகிறது. அடுத்த ஆண்டே வைலி, ஸ்கீஹல் குழுவினர் அமிலத்தில் வைத்த புரதத்தின் அமைப்பைக் கண்டு அதை உறுதிசெய்தார்கள். முனை 100 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல் இடம்பெயர்ந்திருந்தது. அதன் பிறகு புரதம் இரண்டாக மடிந்து, தான் நிற்கும் வைரஸ் உறையையும் குத்திய செல் சவ்வையும் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துவிடுகிறது.

எனவே சாவி என்பதைவிட எலிப்பொறி என்பதே பொருத்தம். பொறியை வைக்கும்போதே விசை அதற்குள் ஏற்றப்பட்டுவிடுகிறது, தட்டினால் விடுபடும். ஒரு வேற்றுமை: விடுபட்ட வைரஸ் பொறியை மறுபடி ஏற்றி வைக்க யாராலும் முடியாது. செல் அருகில் இல்லாதபோது விடுபட்டுவிட்டால் அந்தப் புரதம் வீண்.

அப்படியானால் எப்போது விடுபடுவது என்பதை எது தீர்மானிக்கிறது?

வைரஸுக்கு வைரஸ் வேறு. ஃப்ளூவை நம் செல் தானே விழுங்கி எண்டோசோம் என்ற பைக்குள் அடைக்கிறது. அந்தப் பைக்குள் அமிலத்தன்மை ஏறி, பிஎச் அளவு 5.5க்கு அருகே வந்ததும் ஹீமக்ளூட்டினின் விடுபடுகிறது. விழுங்கியதை ஜீரணிப்பதற்காகச் செல் உண்டாக்கும் அமிலமே வைரஸுக்குச் சைகை. எச்.ஐ.வி. புரதம் சிடி4ஐத் தொட்டதும் பாதி திறந்து, இரண்டாவது ஏற்பியைத் தொட்டதும் முழுதாக விடுபடுகிறது. எபோலா இன்னும் நிதானமானது: எண்டோசோமுக்குள் போய், அங்குள்ள நொதிகளால் தன் தொப்பியை வெட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளேயே இருக்கும் என்பிசி1 என்ற ஏற்பியைப் பற்றுகிறது.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு முன்நிபந்தனை உண்டு. இந்தப் புரதங்கள் ஒரே சங்கிலியாகத்தான் உற்பத்தியாகின்றன. குறிப்பிட்ட இடத்தில் நம் உடலின் நொதி ஒன்று அந்தச் சங்கிலியை வெட்டிவிட வேண்டும். வெட்டப்படாத புரதம் விடுபடாது. இந்த வெட்டு சிறிய விவரமாகத் தோன்றலாம். அது எவ்வளவு பெரியது என்பதை அடுத்த பதிலில் பார்க்கலாம்.

பறவைக் காய்ச்சல் கோழிகளைக் கூட்டமாகக் கொல்கிறது. மனிதர்களிடையே ஏன் அப்படிப் பரவவில்லை?

இரண்டுக்கும் காரணம் ஒரே புரதத்தின் இரண்டு இடங்கள்.

முதலில் வெட்டிடம். சாதாரண ஃப்ளூவின் ஹீமக்ளூட்டினினில் அந்த இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒற்றையாக இருக்கும். அதை வெட்டத் தெரிந்த நொதிகள் பெரும்பாலும் மூச்சுப்பாதையிலும் குடலிலும்தான் உள்ளன. அதனால் நோயும் அங்கேயே நிற்கும். பறவைக் காய்ச்சலின் எச்5, எச்7 வகைகளில் கொடியவையாக மாறியவற்றில் அந்த இடத்தில் ஆர்ஜினினும் லைசினும் வரிசையாக நிற்கின்றன. அவ்வரிசையை ஃபியூரின் என்ற நொதி வெட்டும். ஃபியூரின் இல்லாத திசு உடலில் அநேகமாக இல்லை. ஆகவே மூளை, இதயம், ஈரல் என்று எல்லா உறுப்புகளிலும் வைரஸ் பெருகுகிறது; பண்ணை முழுவதும் இரண்டொரு நாளில் சாய்கிறது.

இரண்டாவது, உச்சியில் உள்ள பற்றுக்குழி. ஃப்ளூ பற்றுவது ஒரு முழுப் புரதத்தை அல்ல. செல்லின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் இருக்கும் சியாலிக் அமிலத்தை. அந்த அமிலம் அடுத்த சர்க்கரையோடு 2,3 பிணைப்பிலும் சேரலாம், 2,6 பிணைப்பிலும் சேரலாம். பறவைக் குடலில் முதல் வகை மிகுதி. மனிதரின் மூக்கு, தொண்டையில் இரண்டாம் வகை மிகுதி. பறவை வைரஸின் குழி குறுகலானது, 2,3க்குப் பொருந்தியது. மனிதரின் நுரையீரல் ஆழத்திலும் கண்ணின் மேற்பரப்பிலும் 2,3 வகை உண்டு என்பதால் நோயுற்ற கோழிகளோடு நெருங்கிப் பழகியவருக்குத் தொற்று ஏற்படுகிறது. ஆனால் ஆழத்தில் பெருகும் வைரஸ் இருமலில் எளிதாக வெளிவருவதில்லை.

இந்தத் தடை எத்தனை மெல்லியது என்பதுதான் கவலை தருவது. 1957, 1968 ஆகிய ஆண்டுகளின் உலகப் பெருந்தொற்றுகளை உண்டாக்கிய வைரஸ்களில் 226ஆம் இடத்தில் குளுட்டமினுக்குப் பதில் லூசின், 228ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின். இரண்டே மாற்றங்களில் குழி அகன்று மனித வகைக்குப் பொருந்திவிட்டது.

எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸுக்கு அது மட்டும் போதவில்லை. 2012இல் ரான் ஃபௌஷியே, யோஷிஹிரோ கவாவோகா ஆகியோரின் குழுக்கள் ஃபெரட் என்ற விலங்குகளில் காற்றுவழிப் பரவும் எச்5 வைரஸ்களை உருவாக்கி, அதை வெளியிடலாமா கூடாதா என்ற பெரும் சர்ச்சையைக் கிளப்பின. குழி மாறினால் புரதம் தளர்ந்துபோனது; அதை மறுபடி உறுதிப்படுத்தும் இன்னொரு மாற்றமும் சேர்ந்த பிறகே பரவல் கைகூடியது. மூக்கின் சளி ஓரளவு அமிலத்தன்மை உள்ளது. பொறி சற்றுத் தளர்வாக இருந்தாலும் செல்லை அடையும் முன்னரே விடுபட்டுவிடும். ஏற்பியோடு பொருந்துவது மட்டும் போதாது, காத்திருக்கவும் தெரிய வேண்டும்.

கொரோனாவின் ஸ்பைக் எந்த விதத்தில் தனித்தன்மை வாய்ந்தது?

அதன் பற்றும் பகுதி எப்போதும் வெளியே தெரிவதில்லை. மூன்று சங்கிலிகளுக்கும் ஆளுக்கொரு பற்றுப்பகுதி உண்டு. அவை ஒவ்வொன்றும் கீழே படுத்திருக்கலாம் அல்லது மேலே நிமிர்ந்திருக்கலாம். நிமிர்ந்தால்தான் ஏசிஇ2ஐப் பற்ற முடியும். ஆனால் நிமிர்ந்திருக்கும்போதுதான் எதிர்ப்பொருள்களும் அதைக் கண்டுகொள்கின்றன. எப்போதும் நிமிர்ந்திருந்தால் ஆபத்து, எப்போதும் படுத்திருந்தால் பயனில்லை. ஸ்பைக் இரண்டுக்கும் நடுவே மாறிமாறி அசைந்துகொண்டே இருக்கிறது.

அதன் தண்டும் விறைப்பானதல்ல. 2020இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் குளிர்நிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸை முழுதாகப் பார்த்தபோது தண்டில் மூன்று மடிப்புகள் தெரிந்தன. அவற்றுக்கு இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்த மூன்று மூட்டுகளால் ஸ்பைக் எல்லாப் பக்கமும் சாய்ந்து துழாவ முடிகிறது. 25 அளவிலான ஸ்பைக்குகளை வைத்துக்கொண்டே வைரஸ் காரியம் சாதிப்பதற்கு இது ஒரு விளக்கம்.

அடுத்தது சர்க்கரைப் போர்வை. ஒவ்வொரு சங்கிலியிலும் 22 இடங்களில், ஆக ஒரு ஸ்பைக்கில் 66 இடங்களில், சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. அவற்றை ஒட்டவைப்பது வைரஸ் அல்ல, நம் செல்லே. அதனால் நம் எதிர்ப்பு மண்டலத்துக்கு அவை சொந்தப் பொருளாகவே தோன்றும். மறைப்பு மட்டும்தான் அவற்றின் வேலை என்று முதலில் நினைத்தார்கள். கலிஃபோர்னியாவின் ரோமி அமாரோ குழுவினர் கணினியில் அணு அணுவாக உருவகப்படுத்திப் பார்த்தபோது, 165, 234 ஆகிய இடங்களிலுள்ள சர்க்கரைகள் நிமிர்ந்த பற்றுப்பகுதிக்கு முட்டுக்கொடுப்பது தெரிந்தது.

ஸ்பைக்கில் ஃபியூரின் வெட்டிடம் இருப்பது, வைரஸ் ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றா?

அது மட்டும் சான்றாகாது. மெர்ஸ் வைரஸிலும், மனிதர்களுக்கு வெறும் ஜலதோஷம் தரும் ஓசி43, எச்கேயு1 ஆகிய கொரோனா வைரஸ்களிலும் ஃபியூரின் வெட்டிடம் உண்டு. இயற்கையில் திரும்பத் திரும்பத் தோன்றும் அம்சம் அது. வைரஸின் தோற்றம் பற்றிய விவாதம் வேறு தரவுகளைக் கொண்டு நடக்க வேண்டியது. வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் எந்தப் பக்கத்தவராயினும் அவசரப்படுகிறார்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆய்வகத்தில் வேலை செய்தது, நோயாளிகளிடம் தோற்றது. ஏன்?

இதற்கு விடை நேரடியாக ஸ்பைக்கின் வெட்டிடத்தில் இருக்கிறது. கொரோனாவுக்கு இரண்டு நுழைவு வழிகள். செல்லின் மேற்பரப்பில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி இருந்தால், ஃபியூரின் போடும் முதல் வெட்டுக்கு அடுத்த இரண்டாவது வெட்டை அது அங்கேயே போட்டுவிடும். சவ்வுகள் மேற்பரப்பிலேயே கலக்கும். அந்த நொதி இல்லாவிட்டால் வைரஸ் எண்டோசோமுக்குள் போய், அமிலத்தில் வேலை செய்யும் கெதெப்சின் நொதியை நம்ப வேண்டும்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் எண்டோசோமின் அமிலத்தைக் குறைக்கும் மருந்து. ஆரம்ப ஆய்வுகளில் பயன்பட்டது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்கள். அவற்றில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 அநேகமாக இல்லை. அமில வழி ஒன்றே வழி என்பதால் மருந்து அதை அடைத்தது, முடிவு பிரமாதமாக வந்தது. மனித நுரையீரல் செல்களிலோ மேற்பரப்பு வழி திறந்தே இருக்கிறது. 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுகாதாரப் பணியாளர்களுக்கு இம்மருந்தை முன்தடுப்பாகப் பரிந்துரைத்ததும், மருந்துக் கடைகளில் அது காணாமல்போனதும் பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு ஜெர்மனியில் நுரையீரல் செல்களை வைத்து ஆராய்ந்தவர்கள் மருந்து அங்கே பயனற்றது என்று காட்டினார்கள். எந்தச் செல்லில் சோதிக்கிறோம் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தடுப்பூசிக்கும் வடிவத்துக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன்.

ஆர்எஸ்வி என்ற வைரஸ் கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்குவது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்எஸ்வியைத் தடுப்பூசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டபின் இயற்கையாகத் தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் 80 சதவீதத்தினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசி நோயைக் கடுமையாக்கியிருந்தது. அந்தத் துறை பல பத்தாண்டுகள் முடங்கியது.

காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அந்த ஊசியிலிருந்த எஃப் புரதம் (ஆர்எஸ்வி செல்லுக்குள் நுழைய உதவும் புரதம்) பெரும்பாலும் விடுபட்டு முடிந்த வடிவத்தில் இருந்தது. செல்லைக் காக்கவல்ல எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை விடுபடுவதற்கு முந்தைய வடிவத்தின் உச்சியைப் பற்றுபவை. முடிந்துபோன வடிவத்தில் அந்த உச்சியே இல்லை. உடல் தவறான உருவத்தைப் பார்த்துப் பழகிவிட்டது. 2013இல் ஜேசன் மெக்லெலன், பார்னி கிரஹாம், பீட்டர் குவாங் உள்ளிட்டோர் முந்தைய வடிவத்தைக் கண்டறிந்து, அது விடுபடாதபடி கட்டிப்போடவும் வழி கண்டார்கள். அதன் பயனாக 2023 மே மாதத்தில் இரண்டு ஆர்எஸ்வி தடுப்பூசிகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

அதே உத்திதான் கொரோனாவுக்கும். மெர்ஸ் வைரஸின் ஸ்பைக்கை வைத்து 2017க்குள்ளாகவே வழி தயாராகிவிட்டது: சுருளாக விறைக்க வேண்டிய வளையத்தின் முனையில் இரண்டு அமினோ அமிலங்களை எடுத்துவிட்டுப் புரோலினை வைப்பது. 2020 ஜனவரியில் புதிய வைரஸின் மரபணு வரிசை வெளியானதும் 986, 987ஆம் இடங்களில் அதையே செய்தார்கள். பிப்ரவரிக்குள் ஸ்பைக்கின் அமைப்பு வெளிவந்துவிட்டது. ஃபைசர், மாடர்னா, ஜான்சன், நோவாவாக்ஸ் தடுப்பூசிகளில் எல்லாம் அந்த இரட்டைப் புரோலின் இருக்கிறது.

ஏன் புரோலின்? வேறு அமினோ அமிலம் ஆகாதா?

இங்கே சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். உலகில் எந்த ஆய்வகம் புரத அமைப்பைத் தீர்மானித்தாலும் அது சரியா என்று பார்க்க இன்றும் முதலில் எடுப்பது ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான். ஸ்பைக்கும் அந்தச் சோதனைக்கு விலக்கல்ல.

அந்த வரைபடத்தில் புரோலினுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. மற்ற அமினோ அமிலங்களில் பக்கக்கிளை தனியாகத் தொங்கும். புரோலினில் அது திரும்பி வந்து முதுகெலும்புச் சங்கிலியோடு சேர்ந்து வளையமாகிவிடும். அதனால் சங்கிலி அந்த இடத்தில் சுழல முடியாது. சுருளைத் தாங்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு வேண்டிய ஹைட்ரஜனும் அதன் நைட்ரஜனில் இல்லை. நீண்ட சுருளின் நடுவே புரோலினை வைத்தால் சுருள் அங்கே முறியும். ஸ்பைக் விடுபடும்போது வளையமும் அதை அடுத்த சுருளும் ஒரே நேரான சுருளாக மாற வேண்டும். மடிப்பில் இரண்டு புரோலின்கள் நின்றால் அது நடக்காது. புரதம் முந்தைய வடிவத்திலேயே தங்கிவிடுகிறது. பின்னர் ஆறு புரோலின் கொண்ட, இன்னும் உறுதியான ஸ்பைக்கையும் மெக்லெலனின் டெக்சாஸ் குழுவினர் உருவாக்கினார்கள்.

இந்தியாவில் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளில் இந்த மாற்றம் இருந்ததா?

கோவிஷீல்டில் இல்லை, அதில் இயல்பான ஸ்பைக்கின் மரபணுவே உள்ளது. கோவாக்சின் முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது. கோர்பேவாக்ஸில் பற்றுப்பகுதி மட்டும்தான், முழு ஸ்பைக்கே கிடையாது. அதனால் இவை பயனற்றவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. புரோலின் இல்லாத ஸ்பைக்கும் செல்லின் மேற்பரப்பில் கணிசமான அளவு முந்தைய வடிவத்தில் நிற்கிறது. புரோலின் அதை உறுதிசெய்கிறது, அவ்வளவே.

ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் இவ்வளவு வித்தியாசம் வருமா?

இடத்தைப் பொறுத்தது. 1273இல் பெரும்பாலான மாற்றங்கள் ஒன்றும் செய்வதில்லை அல்லது வைரஸைக் கெடுத்துவிடுகின்றன. 501ஆம் இடம் ஏசிஇ2ஐ நேரடியாகத் தொடும் இடம். அங்கே அஸ்பராஜின் டைரோசினாக மாறியதும் பிடி இறுகியது. ஆல்ஃபா, பீட்டா, காமா மூன்றும் தனித்தனியே இதே மாற்றத்தை அடைந்தன. முதலில் வந்த வைரஸ் ஆய்வக எலிகளைத் தொற்றவே இல்லை, எலியின் ஏசிஇ2 வேறு என்பதால். இந்த மாற்றம் வந்ததும் தொற்றியது. டெல்டாவில் ஃபியூரின் வெட்டிடத்துக்கு அருகே 681ஆம் இடத்தில் புரோலின் ஆர்ஜினினாகி வெட்டு எளிதானது.

ஒமைக்ரானின் ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள், பாதியளவு பற்றுப்பகுதியில். எதிர்ப்பொருள்களிடமிருந்து தப்ப அது உதவியது. அதோடு டிஎம்பிஆர்எஸ்எஸ்2 வழியைக் குறைவாகவும் எண்டோசோம் வழியை அதிகமாகவும் அது நாடுகிறது. நுரையீரல் ஆழத்தைவிட மேல் மூச்சுப்பாதையில் நன்றாகப் பெருகுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

எச்.ஐ.வி.க்கு மட்டும் ஏன் இன்னும் தடுப்பூசி இல்லை?

மறைந்துகொள்வதில் அதை விஞ்சிய வைரஸ் குறைவு. அதன் ஜிபி120 புரதத்தின் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. இரண்டாவது ஏற்பியான சிசிஆர்5ஐப் பற்றும் இடம் தொடக்கத்தில் உருவாகியே இருப்பதில்லை. சிடி4ஐத் தொட்ட பிறகுதான் புரதம் திறந்து அது தோன்றுகிறது. அந்நேரத்தில் இரு சவ்வுகளுக்கும் இடைவெளி மிகக் குறுகல். பெரிய எதிர்ப்பொருள் உள்ளே நுழையவே இடமில்லை. ஒரு வைரஸில் இருப்பதோ சுமார் 14 ஸ்பைக்குகள். எதிர்ப்பொருளின் இரு கரங்களும் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்பைக்குகளைப் பற்றி இறுக்க முடியாத அளவுக்கு அவை விலகி நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, புரதம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது.

மருந்துகள் இந்த இடத்தில் கைகொடுத்தன. சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப் பிறந்தவர்களின் செல்களில் அந்த ஏற்பியே மேற்பரப்புக்கு வருவதில்லை. இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களைப் பெரும்பாலான எச்.ஐ.வி. தொற்றுவதில்லை. அதைப் பார்த்துப் பிறந்த மருந்து மராவிராக். இப்போது பேசப்படும் லெனகாபவிர் என்ற மருந்து நுழைவுப் புரதத்தைத் தொடவே இல்லை. வைரஸின் மரபுப்பொருளைச் சுமக்கும் கூம்பு வடிவ உறையைக் குறிவைக்கிறது. அறுகோணக் கட்டிகள் ஏறத்தாழ 250, ஐங்கோணக் கட்டிகள் மிகச் சரியாக 12 சேர்ந்த கூம்பு அது. உறை இறுகினாலும் கெடும், தளர்ந்தாலும் கெடும். மருந்து அந்தச் சமநிலையைக் குலைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போதும்.

டெங்கு வைரஸின் படத்தில் முள்ளே இல்லையே?

ஆம். அதன் இ புரதங்கள் 180ம் இரண்டிரண்டாகச் சேர்ந்து, உறைமேல் ஓடு பதித்ததைப்போல் படுத்துக் கிடக்கின்றன. எண்டோசோமின் அமிலம் பட்டதும் எழுந்து மும்மூன்றாகச் சேர்ந்து குத்துகின்றன. கோலம் வேறு, வேலை அதேதான். டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் வேறொரு வகையின்மேல் அரைகுறையாக ஒட்டினால், வைரஸை முடக்காமல் அதைச் சில வெள்ளணுக்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இரண்டாம் முறை வரும் டெங்கு சிலருக்குக் கடுமையாவதற்கு இது ஒரு காரணம்.

நிபா ஏன் மூளையைத் தாக்குகிறது?

அது பற்றும் எஃப்ரின்-பி2, எஃப்ரின்-பி3 என்ற ஏற்பிகள் ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் நரம்புச் செல்களிலும் மிகுதி. 2018இல் கேரளத்தில் கண்ட மூளையழற்சியும் மூச்சுத் திணறலும் அந்தப் பரவலோடு ஒத்துப்போகின்றன.

வடிவத்தைப் பார்த்தே செய்த மருந்து ஏதாவது உண்டா?

ஸனாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து. ஃப்ளூ வைரஸ் செல்லிலிருந்து வெளியேறும்போது அதே சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு சிக்கிவிடும்; நியூராமினிடேஸ் என்ற நொதி அதை வெட்டி விடுவிக்கிறது. 1983இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மன், ஜோஸ் வர்கீஸ், கிரேம் லேவர் ஆகியோர் அந்நொதியின் அமைப்பைக் கண்டார்கள். அதன் குழியை அளந்து அதற்கேற்ற மூலக்கூறை வடித்தார்கள். ஒசெல்டாமிவிர் என்ற மருந்தும் அதே குழிக்கானது. ஆனால் அது சரியாக உட்கார நொதி சற்று அசைந்து இடம்விட வேண்டும். 275ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் டைரோசினானால் அந்த அசைவு தடைபட்டு மருந்து தோற்கிறது. இயற்கையான சியாலிக் அமிலத்தை அதிகம் ஒத்திருக்கும் ஸனாமிவிர் அப்போதும் வேலை செய்கிறது.

ஆல்ஃபாஃபோல்ட் வந்துவிட்டதே, இனி ஆய்வகம் எதற்கு?

தன்னை உருவாக்கியவர்களுக்கு 2024 வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்த அந்த மென்பொருள் உண்மையிலேயே பெரிய தாவல். ஒரு வரிசையைக் கொடுத்தால் நம்பத்தக்க ஒரு வடிவத்தைத் தருகிறது. நம் தொல்லை, இந்தப் புரதங்களுக்கு ஒரு வடிவம் அல்ல என்பது. எது முந்தையது, எது பிந்தையது, எந்த அமிலத்தில் எவ்வளவு வேகத்தில் ஒன்று மற்றொன்றாகிறது, நம் செல் தொங்கவிடும் சர்க்கரைகள் அதை எப்படி மாற்றுகின்றன என்பதற்கெல்லாம் நுண்ணோக்கியும் சோதனைக் குழாயும் இன்னும் வேண்டும்.

இந்த வடிவங்களை நானே பார்க்க முடியுமா?

முடியும், கட்டணமில்லை. 1971 முதல் இயங்கும் புரதத் தரவு வங்கியின் இணையதளத்தில் ஒவ்வோர் அமைப்புக்கும் நான்கு எழுத்துக் குறியீடு உண்டு. ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். கைபேசித் திரையிலேயே விரலால் சுழற்றிப் பார்க்கலாம். 6விஎஸ்பி என்பது 2020 பிப்ரவரியில் வெளிவந்த ஸ்பைக்: மூன்று பற்றுப்பகுதிகளில் ஒன்று மட்டும் நிமிர்ந்திருப்பது தெரியும். ஆர்எஸ்வியின் முந்தைய வடிவம் 4ஜேஎச்டபிள்யூ, பிந்தையது 3ஆர்ஆர்ஆர். முதலாவதில் எதிர்ப்பொருளும் சேர்ந்தே இருக்கும் என்பதால் சங்கிலிகளைத் தனித்தனி நிறத்தில் பார்ப்பது நல்லது. இரண்டையும் அடுத்தடுத்த சாளரங்களில் திறந்து வையுங்கள். ஒன்று குட்டையாக உருண்டு, மற்றது நெட்டையாக மெலிந்து இருக்கும். அமினோ அமில வரிசை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே.